சிலந்தி எண்ணிய நடுக்கம்

ஒரு காட்டில், மனிதர்கள் எப்போதோ கட்டிவிட்டு மறந்துபோன கல் மண்டபம் ஒன்று இருந்தது. சுத்தத்துக்குப் பேர்போன ஒரு மந்தி அங்கே குடியிருந்தது. மேற்குத் தூணின் உச்சியில் ஓர் அணில், கண் திறக்காத மூன்று குட்டிகளோடு வாழ்ந்தது. தூணுக்குத் தூண் நூல் கட்டி, நடுவில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது. பாவம், அதற்கு நூல் நூற்பதும் எண்ணுவதும் தவிர வேறொன்றும் தெரியாது.

தினமும் காலையில் ஒரு யானை அந்த வழியாக ஆற்றுக்குப் போகும். தொம், தொம் என்று தரை அதிரும். சிலந்தி நூலில் கால் வைத்து எண்ணும். எல்லாத் தூண்களும் மூன்று முறை நடுங்கி அடங்கிவிடும்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மேற்குத் தூண் மட்டும் ஐந்து முறை நடுங்கியது. மறுநாள் ஆறு முறை.

"மந்தியக்கா, மேற்குத் தூணுக்கு என்னவோ ஆகிவிட்டது. அடியைத் தோண்டிப் பாருங்கள்!" என்றது சிலந்தி.

மந்தி தூணைத் தட்டிப் பார்த்தது. "ஒரு கீறல்கூட இல்லையே! உன் ஒட்டடையைக் காப்பாற்ற இப்படியும் ஒரு சாக்கா, தம்பி?"

சொல்லிக்கொண்டே வாலைச் சுழற்றி நூல்களை எல்லாம் அடித்துத் தள்ளியது. வீட்டை நன்றாகப் பராமரித்துவிட்டோம் என்று அதற்கு ஒரே பெருமை.

சிலந்திக்கு அழுகையே வந்தது. நூல் போனதற்காக அல்ல. மேலே குட்டிகள் 'கீச் கீச்' என்று அம்மாவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் விடியலில், மந்தி குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, சிலந்தி இரண்டு நூல்கள் கட்டியது. கிழக்குத் தூணிலிருந்து வந்த நூல் மந்தியின் இடது காதில் முடிந்தது. மேற்குத் தூணிலிருந்து வந்தது வலது காதில் முடிந்தது.

"அக்கா, எழுந்திருக்காதீர்கள். யானை மாமா வருகிறார். காது துடிப்பதை மட்டும் எண்ணுங்கள்."

"காலங்காத்தாலேயே விளையாட்டா?" என்று மந்தி முணுமுணுத்தது. ஆனாலும் படுத்தபடியே எண்ணியது.

தொம், தொம்!

இடது காது மூன்று முறை துடித்து நின்றது.

"வலது காதில் நாலு... ஐந்து... ஆறு... ஏழு... அடேயப்பா, இன்னும் நிற்கவில்லையே!"

மந்தி துள்ளி எழுந்தது. தூணில் பாய்ந்து ஏறி, அணிலையும் குட்டிகளையும் மார்போடு அணைத்து இறக்கிவிட்டது. பிறகு தூணின் அடியில் கையை விட்டது. மழைநீர் மண்ணை அரித்திருந்தது. தோள்வரை கை உள்ளே போயிற்று.

"யானை மாமா, நில்லுங்கள்! தூண் விழப் போகிறது!"

யானை கற்களை உருட்டி வந்து குழியை நிரப்பியது. மந்தி மண்ணை அள்ளிப் போட, யானை காலால் அழுத்தி இறுக்கியது. மறுநாள் மேற்குத் தூணும் மூன்றே முறை நடுங்கியது. குட்டிகள் வீடு திரும்பின.

அடுத்த முறை ஒட்டடை அடித்தபோது, மந்தி ஒரு மூலையையும் விடவில்லை. ஆனால் தூண்களுக்கு நடுவே வந்ததும், வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிலந்தி மறுபடி கட்டியிருந்த நூலுக்குக் கீழே குனிந்து நடந்தது.

"தம்பி, இன்றைக்கு எத்தனை?"

"மூன்றுதான், அக்கா."

நீதி: விழப்போகும் எதுவும் முதலில் நடுங்கும், அதைக் கேட்டு உடனே சரிசெய்பவரே வீட்டைக் காப்பவர்.