அவிழாத முடிச்சு

தீப்பெட்டி ஆபீஸ்கள் நிறைந்த ஒரு கரிசல் ஊரில் நடந்தது இது. கவனமாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். கடைசியில் உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது.

செண்பகவல்லிக்குச் சிறுவயது முதலே இளைப்பு. தூசி பட்டால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தால் அடங்கும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு வந்தபோது டாக்டரே சொன்னார், “ஒரு சர்ட்டிபிகேட் தர்றேன். பம்பை மேசை மேலயே வச்சுக்கலாம். கூடுதல் நேரமும் கேட்டுப் பார்க்கலாம்.”

அம்மா சுப்புத்தாய் வேண்டாமென்றுவிட்டாள். காரணம், மூத்தவள் ரேணுகாவுக்கு மாப்பிள்ளை அமைந்திருந்தது. பேச்சு முடிந்து, நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

“சர்ட்டிபிகேட் வாங்குனா பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா ஊருக்குத் தெரியும். தங்கச்சிக்கு இளைப்புன்னா அக்காளுக்கும் இருக்கும்பாங்க. அவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் யார் முன்னாடியும் பம்பை வாயில வைக்காத” என்று தன் தலையில் மகளின் கையை வைத்து அழுத்திச் சத்தியம் வாங்கினாள்.

உயிரியல் தேர்வன்று காலையில், பம்பை அப்பாவின் பழைய கைக்குட்டையில் சுற்றி, யார் பையைத் துழாவினாலும் தெரியாதபடி இரட்டை முடிச்சுப் போட்டு, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து அனுப்பினாள். பிள்ளைகளின் பைகளெல்லாம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கொட்டகையில் குவிந்து கிடந்தன.

தேர்வறையை அப்போதுதான் தண்ணீர் தெளிக்காமல் பெருக்கியிருந்தார்கள். மேசைதோறும் சாக்பீஸால் பதிவெண். செண்பகவல்லி உட்கார்ந்ததும் மூக்கு நமநமத்தது. நிமிர்ந்து பார்த்தாள். கண்காணிப்புக்கு வேறு பள்ளியிலிருந்து வந்திருந்தவர் தமயந்தி டீச்சர். ரேணுகாவைப் பெண் பார்க்க வந்தபோது நடுவில் உட்கார்ந்து கேசரி நன்றாயிருக்கிறது என்று சொன்ன, மாப்பிள்ளையின் சித்தி.

வினாத்தாள் எளிதுதான். பாதி எழுதுவதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கியது. தோளைக் குறுக்கிக்கொண்டு எழுதினாள். எழுத்து வரியை விட்டு இறங்கியது. பின் மேசையில் இருந்த தோழி ரிஸ்வானா அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டாள். செண்பகவல்லி திரும்பாமலே வேண்டாமென்று தலையசைத்தாள். ரிஸ்வானா எழுந்துவிட்டாள்.

“டீச்சர், இவளுக்கு வீசிங் இருக்கு. பம்பு பையில இருக்கு, சைக்கிள் கொட்டகையில.”

டீச்சர் வந்து குனிந்து செண்பகவல்லியின் கழுத்துக் குழியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து அறை டீச்சரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். போன சூட்டோடு திரும்பினார். பம்பின் வாயை முந்தானையால் துடைத்து, குலுக்கி, அவள் உதட்டில் வைத்தார்.

“மெதுவா இழு. விட்டுடாத, அடக்கு. ம். இன்னொண்ணு.”

நெஞ்சு இளகியது. “இதை நான் வச்சுடுறேன், நீ எழுது” என்று பம்பை வாங்கிக்கொண்டார். மூச்சு சீராகிச் செண்பகவல்லி பேனாவைப் பிடிப்பதற்குள் நேரம் ஓடிவிட்டது. ஐந்து மதிப்பெண் கேள்விகள் இரண்டு வெள்ளையாகவே போயின. நர்ஸிங் சேர அவளுக்கு அந்த மார்க் தேவைப்பட்டது.

வெளியே வந்ததும் ரிஸ்வானாவிடம் சீறினாள், “ஏன்ட்டி சொன்ன? சத்தியம்னு உங்கிட்டச் சொன்னேன்ல?”

“நீ போய்ச் சேந்திருந்தா, உங்கம்மா சத்தியத்துக்கு மாலை போட்டு சுவத்துல மாட்டியிருப்பாகளா?”

வீட்டில் அம்மா பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். காலையில் போட்ட இரட்டை முடிச்சு அப்படியே இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

“பாத்தியா, பம்பு இல்லாமலே எழுதிட்டு வந்துட்ட” என்று பூரித்தாள். செண்பகவல்லி அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் தரகர் வந்தார். மாப்பிள்ளை வீட்டில் வேண்டாமென்றுவிட்டார்களாம். பெண் வீட்டில் இளைப்பு இருக்கிறதாம். சித்தியே கண்ணால் பார்த்தாராம். சுப்புத்தாய் தமயந்தி டீச்சர் வீட்டு வாசலுக்கே போய் நின்றாள். டீச்சர் கதவைப் பாதி சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார், “நானும் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவதான், அக்கா. தெரிஞ்சும் மறைச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்தா, நான் இங்க இருக்க முடியுமா?”

ரேணுகா நிச்சயதார்த்தத்துக்கென்று எடுத்திருந்த பட்டுப்புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். தேர்வறையில் எழுந்து சொன்னது ரிஸ்வானா என்று தெரிந்ததிலிருந்து அம்மா அவளை வாசலில் ஏற்றுவதில்லை.

மறைக்கச் சொன்னவள் தாய். மறைத்ததை உடைத்தவள் தோழி. கண்டதைப் போய்ச் சொன்னவர் டீச்சர். இந்த மூவரில் யார் செய்தது சரி? யார் செய்ததை மன்னிக்க முடியாது? அவசரப்பட வேண்டாம், அந்த முடிச்சை மறந்துவிடாமல் சொல்லுங்கள்.

விடை: சரியாகச் செய்தவள் ரிஸ்வானா, அதில் புதிரில்லை. புதிர் பம்பில் இருக்கிறது. முடிச்சு அவிழவில்லை என்றால் செண்பகவல்லியின் பம்பு பையை விட்டு வெளியே வரவே இல்லை. எந்தப் பை என்று டீச்சர் கேட்கவும் இல்லை. மைதானத்தைத் தாண்டிப் போய்வரும் நேரமும் ஆகவில்லை. அவர் கொண்டுவந்தது ஆசிரியர் அறையிலிருந்த தன் கைப்பையின் பம்பு. அவருக்கும் இளைப்பு. அதை மறைத்து, அவரும் யார் தலையிலோ கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு அந்த வீட்டுக்குள் போனவர். தாய் மறைத்தது பயத்தால். டீச்சர் சொன்னதும் பயத்தால்தான். ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருத்தியைக் காட்டிக்கொடுத்த பயம் அது. மன்னிக்க முடியாதது அதுதான். செண்பகவல்லிக்கு முடிச்சைப் பார்த்த அன்றே எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், டீச்சரின் வீடு ஆடிப்போகும். அம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை, ரிஸ்வானாவிடம் மட்டும் சொன்னாள். “ஏன்ட்டி விட்டுட்ட?” என்று ரிஸ்வானா கேட்டதற்கு, “அவுக வாய் வச்ச பம்புல நானும் வாய் வச்சிருக்கேன்” என்றாள்.