கரிமூட்டை லாசரின் இடம்

நான் சுவரில் பெயர் எழுதுகிறவன். கொடுத்த பெயரை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். பெயருக்குச் சொந்தக்காரன் பெரிய ஆளா சின்ன ஆளா என்று விசாரித்துக்கொண்டிருந்தால் பிரஷ் காய்ந்துவிடும்.

ராயபுரத்தில் ஒரு குத்துச்சண்டை மன்றத்துக்கு நூறு வருஷம் நிறைந்தது. பழைய வீரர்களில் சிறந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசையாகக் கூடத்துச் சுவரில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். விழா ஞாயிற்றுக்கிழமை. நான் வியாழக்கிழமையே ஏணியும் டப்பாவுமாகப் போய்விட்டேன்.

பட்டியல் போடும் வேலை தேசிங்குவிடம் இருந்தது. வயது அறுபத்தொன்று. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறுநாளே, நடுவர் வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று மன்றத்து வாசலில் வந்து நின்ற மனுஷன். அவருடைய வாத்தியார் ரெஜினாவுக்கு முப்பத்தெட்டு வயசு. ரிங்குக்கு வெளியே அவரை "அண்ணே, நீங்க" என்பார். கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் "நீ"தான்.

நான் போனபோது சுவரில் பத்துப் பெயர்களும் சாக்பீசால் எழுதப்பட்டிருந்தன. தேசிங்கு மட்டும் பழைய ஆட்ட நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆரம்பிக்கலாமா?" என்றேன்.

"இரு, ஒருத்தர் உறுத்துறாரு" என்றார்.

ரெஜினா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "யாருண்ணே?"

"கரிமூட்டை லாசர். கப்பலுக்குக் கரி ஏத்தினவரு. மன்றத்தோட பழைய காலத்து சாம்பியன். முப்பத்தொரு ஆட்டம். தோத்ததே இல்ல."

"அப்புறம் இன்னா?"

"ஜெயிச்சது ஆறுதான். மீதி இருபத்தஞ்சும் டிரா. அவர பதினொன்னுல வெச்சிருக்கேன். சுவத்துல பத்துதான்."

அந்தக் காலத்தில் இந்த மன்றத்தில் பாயிண்ட் எண்ணுகிற வழக்கம் கிடையாதாம். எதிராளி விழுந்தால் வெற்றி. கடைசி மணி அடிக்கும்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால் டிரா. அவ்வளவுதான்.

"பத்தாவது யாரு?" என்று ரெஜினா கேட்டார்.

தேசிங்கு நோட்டை மூடினார். "எங்க நைனா. ஏகாம்பரம்."

"லாசர் கூட ஆடியிருக்காரா?"

"ஆறு ரவுண்டு. கடைசி வரைக்கும் நின்னாரு. லாசர் முன்னாடி நின்னவன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. எங்க வூட்டுக்கு இருந்த ஒரே பெருமை அதான், வாத்தியாரம்மா. வேற சொத்து சுகம் ஒண்ணும் இல்ல."

ரெஜினா சிரிக்கவில்லை. நானாக இருந்தால் ஒரு வார்த்தை குத்தியிருப்பேன்.

"ஒருத்தர எந்த எடத்துல வெக்கணும்னு எப்படித்தான் தெரிஞ்சிக்கிறது?" என்று தேசிங்கு கேட்டார். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"கையுறை மாட்டுங்க" என்றார் ரெஜினா.

இரண்டு பேரும் ரிங்கில் ஏறினார்கள். மணியடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"மூணு ரவுண்டு. என் மூஞ்சில ஒரு குத்து வெச்சா போதும்" என்றார் ரெஜினா.

தேசிங்கு கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"இன்னா யோசன? பொம்பளன்னு பாக்கறியா, வாத்தியாருன்னு பாக்கறியா?"

"ரெண்டுந்தான்."

"ரெண்டையும் பாக்காத. மூக்கப் பாரு."

முதல் ரவுண்டில் தேசிங்கு கூச்சத்தோடு வீசினார். இரண்டாவதில் கோபம் வந்துவிட்டது, நன்றாகவே வீசினார். மூன்றாவதில் கையைத் தூக்குவதே பெரும்பாடாகிவிட்டது. ஒரு குத்தும் படவில்லை. ரெஜினா ஓடவும் இல்லை, குதிக்கவும் இல்லை. தலையைக் கொஞ்சம் அப்படி, கொஞ்சம் இப்படி. ரவுண்டுக்கு ஒரு தடவை தன் கையுறையை தேசிங்குவின் நெற்றியில் வைத்து எடுத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

மணியடித்தேன்.

"ஜெயிச்சது யாரு?" என்று ரெஜினா கேட்டார்.

தேசிங்கு மூச்சு வாங்கினார். "யாரும் வுழல. டிரா."

"நோட்ல எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தேசிங்கு வரவில்லை. சுவருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்ததுதான் மிச்சம். எனக்கு எரிச்சல்தான்.

சனிக்கிழமை காலையில் வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுக்கக்கூட முடியவில்லை. காற்றிலேயே வீசி வீசி இரண்டு தோளும் வீங்கியிருந்தன.

ரெஜினா பார்த்தார். "வலிக்குதாண்ணே?"

"வூட்ல உப்பு ஒத்தடம் குடுத்தா. குடுக்கறப்ப எங்கம்மா சொல்லுவாங்களே, அது ஞாபகம் வந்துது."

"இன்னா சொல்லுவாங்க?"

"அப்ப அவங்களுக்குக் கல்யாணமான புதுசு. லாசர் கூட ஆடிட்டு நைனா வந்தாரு. 'மூணு நாளு ரெண்டு தோளுக்கும் ஒத்தடம் குடுத்தேன், ஆனா மூஞ்சி மட்டும் மாப்பிள்ள மூஞ்சியாவே இருந்துது, ஒரு கீறல் இல்ல'ன்னுவாங்க. அத்தினி பெருமையா சொல்லுவாங்க. நானும் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்."

வீங்கிய தோளைத் தடவிப் பார்த்தார்.

"எங்க நைனா நின்னாரா, வாத்தியாரம்மா? இல்ல, லாசரு நிக்க வுட்டாரா?"



தேசிங்கு ஒரு துணியை நனைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். வலது கை எழும்பவில்லை. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பத்தாவது பெயரை அழித்தார். ஏகாம்பரம் என்பதில் கடைசி எழுத்து போகாமல் நின்றது. இன்னொரு முறை துடைத்தார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "சுவத்துல எடம் கிடக்குதுங்க. பதினொண்ணா எழுதிட்டுப் போறேன். யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்றேன்.

"பத்துன்னு முடிவு பண்ணி கையெழுத்து போட்டவன் நானு" என்றார். "நைனாவுக்காக மாத்தினா, நாளைக்கு ரிங்குக்குள்ள நின்னு எவன் கையத் தூக்கி வுடுவேன்?"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பத்துக்கு நேராக 'கரிமூட்டை லாசர்' என்று எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. இறங்கி வந்து, சாக்பீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு திருப்தியும் இருந்தது, பெரிய காரியம் செய்துவிட்டவருக்கு வருமே, அந்தத் திருப்தி.

ரெஜினா சுவரை மேலிருந்து கீழே வரைக்கும் படித்தார்.

"மேல இருக்கற ஒம்பது பேர்ல லாசர் கூட ஆடினவங்க எத்தினி பேருண்ணே?"

"அஞ்சு பேரு. மீதிப் பேரு அவருக்கு அப்புறம் வந்தவங்க."

"முடிவு?"

தேசிங்குவுக்கு நோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. "அஞ்சும் டிரா."

"அவங்க வூட்லயெல்லாம் எங்க ஒத்தடம் குடுத்திருப்பாங்க?"

தேசிங்கு நிமிர்ந்து முதல் பெயரைப் பார்த்தார். பிறகு இரண்டாவதை. நான் பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ரெஜினா கீழே கிடந்த துணியை எடுத்து, மறுபடி நனைத்து, பிழிந்து அவர் கையில் கொடுத்தார்.

"லாசருக்கு உங்க நைனா எடத்தக் குடுத்துட்டீங்கண்ணே. அவரோட சொந்த எடத்த எப்பக் குடுப்பீங்க?"