அரசர் கடித்த முதல் வெள்ளரிப்பிஞ்சு

முன்னொரு காலத்தில், வெந்ததைத் தவிர வேறெதையும் தின்றறியாத அரசர் ஒருவர் ஒரு நாட்டை ஆண்டுவந்தார். கோதண்டராயர் என்பது அவர் பெயர். அவருடைய பாட்டனார் காலத்தில், கீரைக்கட்டுக்குள் சுருண்டு கிடந்த பாம்புக்குட்டி ஒன்று அரண்மனைக்குள் வந்துவிட்டதாம். அன்றைக்கே பாட்டனார் வாசல் கல்லில் ஓர் ஆணையைப் பொறித்துவிட்டார்: "வேகாத காயோ கனியோ கீரையோ இந்த வாசல் வழியாக உள்ளே வரக்கூடாது."

அதனால் அந்த அரண்மனைக்குச் சமையற்கட்டே வாசலுக்கு வெளியில்தான் இருந்தது. மாதுளை முத்துகள் கூழாகித்தான் உள்ளே வரும். வாழைப்பழம்கூட அவித்துத்தான் வரும். அரசர் வெளியிடங்களில் வாய் நனைக்கக்கூடாது என்பதும் அந்தக் குலத்தின் வழக்கம். ஆகவே, காய் என்றாலே குழைந்து கிடப்பதுதான் என்று கோதண்டராயர் நம்பியிருந்தார்.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. ஈரக்காற்று அடித்தால் போதும், சளி பிடித்துக்கொள்ளும். ஒரு சளி போவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஒருநாள் மருதவாணர் என்ற வைத்தியர் வந்து நாடி பார்த்தார். தெருவில் கிடக்கும் நோயாளிக்கும் குனிந்து மருந்து கொடுக்கிற நல்ல மனிதர் அவர்.

"அரசே, நோயோடு சண்டை போடுவது உடம்பு. அதற்குத் தெம்பு தருவது சாப்பாடு. சோறும் குழம்பும் இருக்கட்டும். கூடவே நன்றாகக் கழுவிய பச்சைக் காய்கனிகளையும் தினமும் கொஞ்சம் உண்ணுங்கள். இங்கே கொதிக்கிற கொதியில் சத்தெல்லாம் வடித்த நீரோடு போய்விடுகிறது" என்றார்.

அரண்மனை அதிகாரி நீலமேகர் துள்ளி எழுந்தார். "பாட்டனார் ஆணையை மீறச் சொல்கிறாரே! வேகாததில் எதைக் கலந்து கொடுக்கத் திட்டமோ?"

மூக்கடைத்த மனிதருக்கு நிதானம் குறைவு. அரசர் உடனே வைத்தியரைப் பின்மதிலை ஒட்டிய காவல் அறையில் அடைக்கச் சொன்னார்.

அவையின் விகடகவி விருத்தகிரி கைகூப்பினார். "அரசே, நல்லதைச் சொன்னவருக்கா சிறை?"

நீலமேகருக்கு அவர்மேல் நெடுநாள் பொறாமை. "விகடகவிக்குத் தெரியாத வழி உண்டா, அரசே? ஆணையை மீறாமல் ஒரு பச்சைக் காயைத் தங்கள் கையில் அவர் சேர்க்கட்டும். மழைக்காலம் தொடங்குவதற்குள் முடியாவிட்டால் வைத்தியரோடு அவரும் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

அரசருக்கும் ஆவல் பிறந்தது. வேகாத காய் எப்படித்தான் இருக்கும்? "அப்படியே ஆகட்டும்" என்றார்.

மறுநாள் விருத்தகிரி பின்மதிலுக்கு வெளியே மண்ணைக் கொத்தி விதை ஊன்றினார். அந்த மதில் ஆள் உயரம்தான். காவலாளி செவத்தான் சிரித்தான்.

"என்ன சாமி, ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி தோட்ட வேலை பழகுறீங்களா?"

"ஆமாம்பா, போற ஊர்ல விகடம் விலை போகலேன்னா? அது கிடக்கட்டும். வைத்தியர் கை கழுவுற தண்ணியச் சன்னல் வழியா இங்க ஊத்தலாமா?"

"ஊத்தக் கூடாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே. தாராளமா ஊத்தச் சொல்லுங்க."

வைத்தியர் ஊற்றினார். செவத்தானும் தன் பங்குக்கு ஒரு செம்பு ஊற்றினான். கொடி ஒருநாள் காற்றில் சரிந்தபோது, யாரும் கேட்காமலே தன் தலைப்பாகை ஓரத்தை நூல்போலக் கிழித்து, கொடியை ஒரு கொம்போடு கட்டிவிட்டான். இத்தகைய சின்ன இரக்கங்களைக் கடவுள் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார் என்பது என் எண்ணம். கொடி மதிலைத் தொட்டது, ஏறியது, அந்தப் பக்கம் இறங்கியது. வழியில் போன நீலமேகர், "விகடகவியார் தோட்டக்காரர் ஆகிவிட்டார்!" என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

வானம் கறுத்த ஒரு காலையில் விருத்தகிரி அரசரையும் அரசியையும் அரண்மனையின் பின்முற்றத்துக்கு அழைத்துப் போனார். நீலமேகரும் ஓடிவந்தார். மதிலின் உள்பக்கத்தில் இலைகளுக்கு நடுவே வெள்ளரிப்பிஞ்சுகள் தொங்கின.

"அரசே, தங்கள் காய். எடுத்துக்கொள்ளுங்கள்."

"ஆணை மீறப்பட்டுவிட்டது!" என்று கத்தினார் நீலமேகர்.

"எப்படி? இந்தக் காய் வாசல் வழியாக வரவில்லையே. பூத்தது இந்த முற்றத்தில், காய்த்தது இந்த முற்றத்தில். அரண்மனையிலேயே பிறந்த காய் ஐயா இது."

"அதன் வேர் வெளியே அல்லவா இருக்கிறது?"

விருத்தகிரி அரசியை வணங்கினார். "மகாராணியாரின் பிறந்த வீடு மலைக்கு அப்பால் வேறு நாட்டில். அதனால் இங்கே பிறந்த இளவரசரை வெளியூர்க்காரர் என்பீர்களா?"

அரசி சிரித்துவிட்டார்.

விருத்தகிரி பிஞ்சைக் கழுவித் தாமே ஒரு துண்டு தின்று காட்டிவிட்டு மீதியை நீட்டினார். அரசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டினார், முகர்ந்தார். பிறகு கடித்தார்.

'நறுக்!'

அரசர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யாரது? என்ன சத்தம்?"

"தங்கள் வாய்க்குள்தான், அரசே."

"காய் சத்தம் போடுமா?" நம்பாமல் இன்னொரு முறை கடித்தார். "எல்லோரும் சும்மா இருங்கள், கேட்கட்டும்!" மூன்றாம் முறை கடித்தபோது அவருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவு குளுமையையும் நாம் இத்தனை காலம் அவித்தே கொன்றிருக்கிறோமே!"

உடனே தம் கையால் இன்னொரு பிஞ்சைப் பறித்துக் கழுவினார். நேரே காவல் அறைக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தாமே நீக்கினார்.

"வைத்தியரே, நோய் எனக்கு, தண்டனையை உமக்குக் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள்."

மருதவாணர் கண் கலங்கப் பிஞ்சை வாங்கிக்கொண்டார். "அரசே, இதைத் தின்றால் சளியே வராது என்று நான் சொல்லமாட்டேன். வந்த சளியைத் துரத்த உடம்புக்குத் தெம்பு இருக்கும்."

"பொய் சொல்லாத வைத்தியர் கிடைப்பதே பெரிது" என்றார் அரசர். கழுவிச் சோதித்த பச்சைக் காய்கனிகள் இனி உள்ளே வரலாம் என்று அங்கேயே ஆணையிட்டார். கழுவிச் சோதிக்கிற வேலையை நீலமேகரிடமே ஒப்படைத்தார்.

விருத்தகிரிக்கு முத்துமாலையும் பட்டுச் சால்வையும் கிடைத்தன. மாலையை வைத்துக்கொண்டு, தலைப்பாகை கிழிந்து நின்ற செவத்தானின் தோளில் சால்வையைப் போர்த்தினார் அவர்.

"சாமி, நான் என்ன செஞ்சேன்? ஒரு நூலுதானே கட்டினேன்!" என்று பதறினான் அவன்.

"அந்தக் கொடியக் கேளு, சொல்லும்."

மழை கொட்டத் தொடங்கியது. வைத்தியர் கடித்தார், செவத்தான் கடித்தான், அரசி கடித்தார். ஒவ்வொரு 'நறுக்'குக்கும் கோதண்டராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.