குவாரிக்காரர் கண்டுபிடித்த கீறல்

கார் டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வெளியே தெரிகிற மாதிரி மேலே கண்ணாடி போன்ற அக்ரிலிக் ஷீட் போட வந்த குவாரி முதலாளி திருமலைசாமி, கடையில் ஷீட் அறுக்கும் செபஸ்தி காட்டிய மூன்று ஷீட்டையும் கழித்துத் தள்ளினார்.

"இது மங்கல், அது கீறல். எங்கிட்டயேவா? என் கண்ணு தப்பவே தப்பாது! ஒரு மணி நேரத்துல குறையே இல்லாத ஷீட் வரணும். இல்லைன்னா இவன் இந்தக் கடையில இருக்கக் கூடாது!"

கடைக்காரர் வேறு கடைகளுக்குப் போன் போட ஆரம்பித்தார். செபஸ்தியோ டீ குடித்துவிட்டு வந்து, டிக்கியில் கறுப்புச் சட்டத்தைத் திருகி மாட்டினான்.

"இதைவிடத் தெளிவா உலகத்துலயே கிடையாதுங்க. கை மட்டும் வெச்சுராதீங்க, ரேகை விழுந்துரும்."

குவாரிக்காரர் டார்ச் அடித்து, ஒரு கண்ணை மூடி, குனிந்து குனிந்து பார்த்தார்.

"ம்... பரவால்ல. ஆனா இந்த மூலையில மெல்லிசா ஒரு கீறல் இருக்கே!"

"தொடைச்சுப் பாக்கறேனுங்க."

செபஸ்தி துணியை அந்த மூலையில் வைத்தான். கை முழங்கை வரை உள்ளே போய் ஆம்ப்ளிஃபயரைத் துடைத்தது.

"சட்டம்தானுங்க மாட்டியிருக்கேன். ஷீட்டு, நீங்க கழிச்ச மூணுல எதைப் போடட்டும்?"

பிளந்த வாய் மூடாமலே, குவாரிக்காரர் தான் முதலில் கழித்ததைக் கைகாட்டினார்.