வாங்கின நிலைமையிலேயே

பொட்டல்விளாகத்தில் உச்சிமாகாளி, பலவேசம், நயினார், சுடலைக்கண்ணு என்று நாலு பேர் கூட்டாக வெள்ளையடிக்கும் வேலை பார்த்து வந்தார்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்வார்கள் என்று நல்ல பெயர். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் "ஒரு இடம் விடாம அடிச்சிருங்க" என்று சொன்னதற்காகக் கரும்பலகையையும் சேர்த்து வெளுத்துவிட்டு வந்தவர்கள். அதற்குப் பிறகும் அவர்களைத்தான் ஊர் வேலைக்குக் கூப்பிட்டது என்றால், ஊரைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம்.

உச்சிமாகாளிக்கு ஒரே மகள் பேச்சி. மாநிலக் கபடி அணியில் ஆடுகிறாள். ராஜஸ்தானில் இறுதி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு டிவியில் காட்டுவார்கள் என்று போன் பண்ணிச் சொல்லியிருந்தாள். மகள் ஆடி அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால் திங்கட்கிழமை காலையில் நாலு பேரும் டவுனுக்குப் போய் ஒரு டிவி வாங்கினார்கள்.

கடையில் செல்வின் என்று ஒரு விற்பனையாளர். பொறுமைசாலி. பில்லைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, ஏதாச்சும் கோளாறுன்னா ஏழு நாளைக்குள்ள திருப்பித் தாங்க, மாத்தித் தருவோம். ஆனா வாங்கின நெலமையிலேயே இருக்கணும். டப்பாவத் தூக்கிப் போட்டுராதீங்க."

நாலு பேரும் தலையாட்டினார்கள். தொல்லை அங்கேயே ஆரம்பித்துவிட்டது, செல்வினுக்குத்தான் தெரியவில்லை.

உச்சிமாகாளி வீட்டுக்கு வந்து டிவியை எடுத்து மேசையில் வைத்தார்கள். காலி டப்பா பலவேசத்தின் கையில் இருந்தது. கீழே வைக்கப் போனவரை நயினார் தடுத்தார்.

"தூக்கிப் போடக் கூடாதுன்னு சொன்னாருல்லா?"

"நான் எங்க போடுதேன்? வைக்கத்தானே போறேன்."

"போடுறதுக்கும் வைக்கிறதுக்கும் என்னவே வித்தியாசம்? ரெண்டுலயும் சாமான் தரைக்குத்தான் போவுது."

உச்சிமாகாளி யோசித்துப் பார்த்தார். "தூக்காம இருந்திருக்கணும். தூக்கியாச்சு. இனிமே போடாம இருக்கறதுதான் வழி" என்றார். அன்று முதல் நாலு பேரும் முறை வைத்து டப்பாவைச் சுமந்தார்கள். குளிக்கப் போனால் அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெள்ளையடிக்கிற வேலைக்கு ஒரு ஆள் குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது பிளக். அதன் மூன்று கால்களுக்கும் பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருந்தது. உச்சிமாகாளி அதை உருவப் போனார்.

"வாங்கும்போது தொப்பி இருந்துச்சா இல்லையா?" என்றார் சுடலைக்கண்ணு.

"இருந்துச்சு."

"உருவிட்டா வாங்கின நெலமையாவே அது? அப்புறம் கோளாறுன்னா எப்பிடித் திருப்பிக் குடுப்பீரு?"

நியாயமாகத்தான் பட்டது. தொப்பியோடு பிளக் உள்ளே போகவில்லை. சரி, போகாவிட்டால் என்ன, பக்கத்தில் இருந்தால் போதாதா என்று பிளக்கைச் சுவிட்சுப் பெட்டி மேலேயே சாத்திவைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார்கள். டிவி கறுப்பாகவே இருந்தது.

"கோளாறு" என்றார் நயினார். "நல்லவேளை, தொப்பிய உருவலை."

செவ்வாய்க்கிழமையும் படம் வரவில்லை. புதன்கிழமை உச்சிமாகாளி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள். திருப்பித் தந்தால் மாற்றித் தருவோம் என்று செல்வின் சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டு, டிவியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிவைத்தார். திருப்புவது தன் வேலை, மாற்றுவது கடைக்காரர் வேலை. வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மூன்று நாள் உட்கார்ந்திருந்தும் மாற்றுவதற்கு யாரும் வரக் காணோம்.

சனிக்கிழமை பொறுக்கமுடியாமல் கடைக்குப் போன் போட்டார். "திருப்பிட்டேம்லா, இன்னும் மாத்தலையே தம்பி?"

"கடைக்குக் கொண்டாங்க அண்ணாச்சி. பார்த்துட்டு மாத்தித் தாரேன்" என்றார் செல்வின். "நாளைக்குக் கடைசி நாளு. வாங்கின நெலமையிலேயே இருக்கட்டும், மறந்திராதீங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பும்போது பெரிய விவாதம். டிவி வாங்கின நிலைமையில் இருக்கிறது. வாங்கினவர்கள் இருக்கிறார்களா? திங்கட்கிழமை சுடலைக்கண்ணுக்குப் பல்வலி, கன்னம் வீங்கியிருந்தது. இப்போது வற்றிவிட்டது. கடைவாயில் ஒரு கொட்டைப்பாக்கை ஒதுக்கிக்கொண்டார். நயினார் அன்றைக்கு மழையில் நனைந்திருந்தார். தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார்கள்.

"உமக்கு என்னவே நெலம?" என்று உச்சிமாகாளியைக் கேட்டார் பலவேசம். "அன்னைக்கு மகளப் பாக்கப் போறோம்னு சிரிச்ச வாய மூடாம இருந்தீரு. இப்ப மூஞ்சி தொங்குது. சிரியும்."

உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகளின் ஆட்டத்துக்கு நேரமாகிறது, டிவியோ பஸ்ஸில் போகிறது. ஆனாலும் உச்சிமாகாளி டவுன் வரைக்கும் பல்லைக் காட்டிக்கொண்டே போனார். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார்.

கடையில், திருப்பித் தரவேண்டும் என்பதால், டிவியின் முதுகுப் பக்கத்தைச் செல்வினிடம் நீட்டினார்கள். சொட்டச் சொட்ட நிற்கும் ஒருத்தரையும், டப்பாவைக் கட்டிப்பிடித்திருந்த இன்னொருத்தரையும், கன்னம் புடைத்தவரையும், இளித்துக்கொண்டே கண்ணீர் விடுகிறவரையும் செல்வின் மாறி மாறிப் பார்த்தார். தொப்பியை உருவி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டார்.

டிவி பளிச்சென்று எரிந்தது. செல்வின் சேனலைத் தட்டிக்கொண்டே வந்தார். ஒன்றில் கபடி ஓடியது.

"நிறுத்துங்க தம்பி" என்றார் உச்சிமாகாளி.

பேச்சிதான். முழங்காலில் கட்டு, நெற்றியில் வேர்வை. அவள் கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் 'கபடி கபடி' என்று பாடிப் போவதைப் பார்த்ததும் உச்சிமாகாளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெற்ற பிள்ளையா இது, இத்தனை தைரியம் யாரிடமிருந்து வந்தது என்று மலைத்துப்போனார். பொய்ச் சிரிப்பு போய் நிஜச் சிரிப்பு வந்தது.

"பாத்தீங்களா, ஒரு கோளாறும் இல்ல" என்றார் செல்வின்.

யாரும் காதில் வாங்கவில்லை. ஆட்டம் முடிய ஒரே நிமிஷம், இரு பக்கமும் சமம். பேச்சி ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அதற்குள் நாலு பேர் வளைத்துவிட்டார்கள். ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். பேச்சி மூச்சுவிடாமல் பாடிக்கொண்டே கையை நீட்டினாள். கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண்.

உச்சிமாகாளி பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

டிவி அணைந்தது.

"என்ன அண்ணாச்சி செஞ்சிட்டீங்க?" என்றார் செல்வின்.

"பிடிச்சிருப்பாளுவ தம்பி. ஆட்டத்த நிறுத்தியாச்சுல்லா, இப்ப எவ பிடிப்பா?"

நயினார் ஆமோதித்தார். "வீட்டுல போயிப் போட்டுக்கிடலாம். நாலு பேரு பக்கத்துல இருந்தா பிள்ளைக்கும் தெம்பா இருக்கும்." பலவேசம் பிளக்கில் தொப்பியை மறுபடி மாட்டினார். பேச்சி ஆடாமல் அசையாமல் வரவேண்டும் என்று டிவியை டப்பாவில் போடாமல், உச்சிமாகாளியே நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

பாதி வழியில் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. சுடலைக்கண்ணு எடுத்து அவர் காதில் வைத்தார். பேச்சி.

"அப்பா, ஜெயிச்சிட்டோம். கடைசிப் பாட்டுல கோட்டத் தொட்டுட்டேன். பாத்தியாப்பா?"

உச்சிமாகாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அதெப்பிடித் தாயி தொடுவ? உன்னத்தான் நான் அணைச்சுல்லா வச்சிருக்கேன்."

"என்னப்பா சொல்லுத? நான் கப்பு வாங்கிட்டு—"

"பேசாத தாயி. நடுவுல பேச்சுக் குடுத்தா பாட்டு நின்னுரும், அவுட்டாக்கிருவாளுவ" என்று பதறிய உச்சிமாகாளி, சுடலைக்கண்ணிடம் சொன்னார்: "கட் பண்ணும்வே, பிள்ளைக்கு மூச்சு விட்டுரப் போவுது."