பெட்டியில் அடங்காத மனம்

முன்னொரு காலத்தில், மலை மேலே மேட்டு நாடு என்றும், மலையை விட்டு ஆறு இறங்கும் சமவெளியில் கரை நாடு என்றும் இரண்டு ராஜ்யங்கள் இருந்தன. மேட்டு நாட்டில் யார் வீட்டுக்கு யார் போனாலும் வாசலில் நிறுத்தி, “உன் பின்னால் யார்?” என்று மூன்று முறை கேட்பார்கள். தாலி கட்ட வந்த மாப்பிள்ளையையும் கேட்பார்கள். வேட்டைக்குப் போய்த் திரும்பும் மன்னரையும் கோட்டை வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். அவரும் மூன்று முறை திரும்பிப் பார்த்து, “யாரும் இல்லை” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஏழு தலைமுறைக்கு முன்னால் ஒரு பகைவன் அந்தக் கோட்டையை ஏழு மாதம் வளைத்துக்கொண்டு நின்றான். குதிரைச் சேணத்தை ஊறவைத்து, வேகவைத்துத் தின்றார்கள். பகைவன் போய்விட்டான், அவன் பெயர்கூட மறந்துவிட்டது. பசி மட்டும் போகவில்லை. அன்று முதல் வீட்டுக்கு ஒரு பானையில் வரகு நிரப்பி, வாயை மண்ணால் பூசி வைப்பது வழக்கமாயிற்று. மழை பொய்த்த வருஷங்களில்கூட அதில் கை வைக்கமாட்டார்கள். முற்றுகைக்கு வைத்ததைப் பஞ்சத்துக்கு எடுக்கலாமா? அரண்மனைப் பானைக்குத் தனி அறை, அறைக்குப் பூட்டு. ஒரு சாவி மன்னரின் இடுப்பில் இருந்தது.

இன்னொரு சாவி அரண்மனை அடுப்படியில் வேலை செய்த அரியநாச்சியின் இடுப்பில் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பழைய வரகைக் கொட்டிப் புதியதை நிரப்பி, மண் பூசுவது அவள் வேலை. ஒரு வருஷம் பூசிக்கொண்டிருந்தவளிடம் இளம் மன்னர், “இந்தப் பானையை என்றைக்குத்தான் திறப்போம்?” என்று கேட்டார்.

“பயம் தீர்ந்த அன்னைக்கு, மகாராஜா. ஆனா அன்னைக்குப் பசிக்காதே!” என்றாள் அவள்.

மன்னர் சிரித்த சிரிப்பில் அவளுக்குச் சபையில் ஓர் ஆசனம் கிடைத்தது. அடுப்படியிலிருந்து ஆசனத்துக்கு வந்தவளைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் பலர். அவர்களில் முதல்வர் சேனாபதி எதிரிலியார். எதிரி இல்லாதவர் என்று பெற்றோர் பெயர் வைத்தார்கள். எதிரி இல்லாமல் அவருக்குப் பொழுதே போகாது.

அரியநாச்சி சபையைச் சிரிக்க வைத்தாள். சபைக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவளுக்குப் பயம்தான். ஒரு சொல் பிசகினால் போதும், ஆசனமும் போகும், தலையும் போகும். அந்தப் பயத்திலிருந்துதான் தன் சொற்கள் பிறக்கின்றன என்று அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

ஆடி பிறந்தால் மேட்டு நாட்டுக்குத் தூக்கம் போய்விடும். கீழே கரை நாட்டில் ஆற்றோரம் முழுக்கப் பறை முழங்கும், தீப்பந்தங்கள் எரியும், நூற்றுக்கணக்கான ஆண்கள் நீண்ட கழிகளோடு திரிவார்கள். உடனே மேட்டு நாட்டுப் படை வேலோடு மலையடிவாரத்தில் இறங்கி நிற்கும். முப்பாட்டன் காலத்திலிருந்து நடப்பது இது. ஆனால் அந்த வருஷம் கரையில் ஆட்கள் இரண்டு மடங்காகத் தெரிந்தார்கள்.

ஆடி பத்தாம் நாள் சபையில் எதிரிலியார் எழுந்தார். “அரசே, அவர்கள் ஏறி வருவதற்கு முன் நாம் இறங்கிவிட வேண்டும். பதினெட்டாம் நாள் எல்லையைத் தாண்ட உத்தரவு கொடுங்கள்.”

மன்னர் மீசையைத் திருகினார். “அந்தக் கரை மன்னன் மனத்தில் என்னதான் இருக்கிறது? யாராவது அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தால் நன்றாக இருக்கும்!”

“அதற்கேற்ற ஆள் சபையிலேயே இருக்கிறாரே” என்றார் எதிரிலியார். “அரியநாச்சியார் தம் மகளைக் கொடுத்திருப்பது கரை நாட்டில்தானே? வழி தெரியும். நாக்கும் நீளம்.”

விளையாட்டாகச் சொன்னது மன்னருக்கு ஆசையாகப் பிடித்துக்கொண்டது. சந்தனப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். “அரியநாச்சி, எட்டு நாளில் கரை மன்னனின் மனத்தை இதில் வைத்துக் கொண்டு வா. தவறினால் பதினெட்டாம் நாள் படை புறப்படும். போர் முரசை அடித்துக்கொண்டு முன்னால் போவது நீயாக இருக்கும்.”

எல்லையைத் தாண்டினால் முதல் ஊர் அவள் மகள் பூவாயியின் ஊர். பூவாயிக்கு மாதம் நிறைந்திருந்தது. அரியநாச்சிக்கு அது ஒன்றுதான் நினைவில் நின்றது. ஆனாலும் முகம் சிரித்தது. அதற்கு அவ்வளவு பழக்கம்.

“போறேன், மகாராஜா. ஆனா மனசை யாரும் இனாமாத் தரமாட்டாங்க. பதிலுக்கு அவர் ஏதாவது கேட்டா?”

“எது கேட்டாலும் கொடுத்துவிட்டு வா. சபை சாட்சி!”

மறுநாள் காலை அவள் தலையில் ஒரு கூடை இருந்தது. கூடைக்குள், துணி சுற்றிய அரண்மனை வரகுப் பானை. அடுத்தவர் மனத்தைக் கேட்கப் போகிறவள் தன் பக்கத்து மனத்தை எடுத்துக்கொண்டு போவதுதானே முறை என்று தோன்றியது அவளுக்கு. வாசல்காவலர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மேட்டு நாட்டில் உள்ளே வருபவரைத்தான் கேட்பார்கள். வெளியே போவதை யாரும் கேட்டதில்லை.

எல்லைக்கு அப்பால் முதல் ஊரில், பூவாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். “வாம்மா. உன் மருமகன் வீட்டுல இல்ல, ராத்திரி பகலா கரையிலதான் கெடக்காரு. நண்டு வளை, எலி வளை எங்க இருக்குன்னு கழியால குத்திக் குத்திப் பாக்கணும். ஒரு வளை போதும், கரை பிச்சுக்கும்.”

“அப்போ பறை?”

“பறைச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா கரை நிக்குதுன்னு அர்த்தம். நின்னுபோச்சுன்னா பிள்ளையத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடணும்.” பூவாயி குரலைத் தாழ்த்தினாள். “தண்ணி பாதி பயம்தாம்மா. உங்க ஆளுங்க மீதிப் பயம். வெள்ளம் ஏறுற நேரம் பாத்து வேலோட வந்து நிக்கறாங்களே, கரையை வெட்டிவிடத்தான்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. போன வருஷம் இன்னும் கிட்ட வந்துட்டாங்களாம். அதான் இந்த வருஷம் வீட்டுக்கு ரெண்டு ஆள் கரைக்குப் போகணும்னு உத்தரவு.”

அரியநாச்சிக்குப் புரிந்துவிட்டது. இவர்கள் பயந்து கூடியதைப் பார்த்து அவர்கள் பயந்து இறங்கினார்கள். அவர்கள் இறங்கியதைப் பார்த்து இவர்கள் இன்னும் கூடினார்கள். நடுவில் தன் மகள் வாயும் வயிறுமாக நிற்கிறாள்.

கரை மன்னரைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. ஏனென்றால் அவர் அரண்மனையில் இல்லை. முழங்கால் சேற்றில், வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, ஆற்றில் நட்டிருந்த ஒரு மூங்கில் கழியையே பார்த்துக்கொண்டு நின்றார். சாணுக்கு ஒரு வெட்டு வெட்டிய கழி.

“ஐயா, எங்க மகாராஜா உங்க மனசைக் கேட்டு அனுப்பியிருக்காரு” என்று பெட்டியை நீட்டினாள்.

அவர் திரும்பவே இல்லை. “என் மனசா? அது காலையிலேருந்து இந்தக் கழியிலதாம்மா கெடக்கு. மூணாவது வெட்டைத் தண்ணி தொட்டா எனக்குச் சோறு எறங்காது. நாலாவதைத் தொட்டா பேச்சு வராது. உங்க ராஜாவுக்கு அது எதுக்கு? கரையை எந்த எடத்துல வெட்டலாம்னு பாக்கவா?”

“அவருக்கும் ஒரு மனசு இருக்குங்க. கையோட கொண்டாந்திருக்கேன்.”

பானையைச் சேற்று மேட்டில் இறக்கி வைத்தாள். ஏழு மாதக் கதையைச் சொன்னாள். சேணம் வெந்த கதையைச் சொன்னபோது அவர் முதன்முறையாகக் கழியிலிருந்து கண்ணை எடுத்தார்.

“யாரு அப்படி வளைச்சது?”

“பேரு மறந்துபோச்சுங்க.”

“பேரை மறந்துட்டு பயத்தை வச்சுக்கிட்டீங்களா!” என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். “நாங்க மட்டும் என்ன? எங்க அப்பா காலத்துல கரையை உடைச்சது ஆறு. மூணு ஊரு போச்சு, என் தம்பியும் போனான். ஆனா பிள்ளைங்களுக்கு இப்ப சொல்ற கதையில மேட்டு நாட்டான்தான் வெட்டினான்.”

அவர் கரைமேல் இருந்த காவல் குடிசைக்குள் போய், நுனி முறிந்த ஒரு பழைய கழியைக் கொண்டுவந்தார். தம்பியைக் கொண்டுபோன அந்த வருஷத்து வெள்ளம் முறித்த கழி. “இந்தா, எடுத்துட்டுப் போ. இந்தப் பானை எங்கிட்ட இருக்கட்டும். தருவியா?”

“கேட்டுட்டீங்கல்ல? தந்துட்டேன்” என்றாள் அரியநாச்சி.

ஆடி பதினேழாம் நாள் அவள் சபைக்குள் நுழைந்தபோது எதிரிலியார் காத்துக்கொண்டிருந்தார். பானை காணாமல் போனதும், அது போன இடமும் அதற்குள் தெரிந்துவிட்டன.

“பெட்டி எங்கே?” என்றார் மன்னர்.

திறந்து காட்டினாள், காலி. அருகில் ஆளுயரக் கழியைச் சாய்த்தாள். “மன்னிக்கணும், மகாராஜா. கொஞ்சம் பெரிய மனசு. பெட்டிக்குள்ள அடங்கல.”

“அரசே!” எதிரிலியார் வெடித்தார். “முற்றுகைப் பானையைப் பகைவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு மூங்கிலோடு வந்து நிற்கிறாள். இது துரோகம்!”

மன்னரின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. முகம் வெளுத்தது. “பானையை ஏன் கொடுத்தாய்?”

அரியநாச்சி தன் வழக்கமான வேடிக்கையைத் தேடினாள். நாக்கில் ஒன்றும் இல்லை. ஆகவே இருந்ததைச் சொன்னாள். “எது கேட்டாலும் கொடுக்கச் சொன்னீங்க, மகாராஜா. அவர் உங்க மனசைக் கேட்டார்.”

கழியின் ஒவ்வொரு வெட்டையும் தொட்டுத் தொட்டுச் சொன்னாள்: இங்கே சோறு இறங்காது, இங்கே பேச்சு வராது, இங்கே தம்பி போனான். மன்னர் சாவியை விடாமல் கேட்டார்: “பானையைத் திறந்தானா?”

“இல்லைங்க. தடவிப் பார்த்தார். நான் கெளம்பறப்ப, ‘ஏம்மா, அவங்களுக்கு இவ்வளவு பசியா? அதுக்கு எதுக்கு வேலு? நெல்லு கேட்டா அனுப்பமாட்டனா’ன்னார்.”

மன்னர் சாவியிலிருந்து கையை எடுத்தார்.

“கழி பொய் சொல்லலாம், அரசே” என்றார் எதிரிலியார். “ஆடியில் படை இறங்காமல் இருந்ததே இல்லை.”

“எறங்கட்டும், ஐயா. மரபை நான் ஏன் நிறுத்தறேன்?” என்றாள் அரியநாச்சி. “சொன்னபடி நானே முரசடிச்சு முன்னால போறேன். வேல்களை மட்டும் இங்கயே வச்சுட்டு ஆளுக்கு ஒரு கூடை எடுக்கட்டும். அவங்க கையில இருக்கிறது மண்வெட்டின்னா நம்ம கூடை உதவும். வேலுன்னா முதல் வேல் என் நெஞ்சுலதானே? ஏமாத்தினவளுக்குத் தண்டனையும் ஆச்சு, உங்களுக்கு வேலையும் மிச்சம்.”

மன்னர் எழுந்தார். “கூடையோடு இறங்குங்கள். சேனாபதி, நீர் இருநூறு வேலோடு மேட்டில் மறைந்து நில்லும்.”

அதுவும் மரபுதான். அரியநாச்சி முரசை எடுக்கப் போனாள்.

பதினெட்டாம் நாள் அவள் முரசோடு எல்லையைத் தாண்டினாள். தோலில் கோல் விழும் ஒவ்வொரு அடியும் தன் நெஞ்சிலேயே விழுவதாக இருந்தது. கரையில் நின்றவர்கள் கழிகளை இறுக்கிப் பிடித்தார்கள். பின்னால் ஆயிரம் கூடைகள். ஆற்றில் தண்ணீர் நாலாவது வெட்டைத் தொட்டிருந்தது. பேச்சு வராது என்று சொன்ன கரை மன்னருக்கு அன்று மட்டும் பேச்சு வந்தது:

“கூடையா? கூடைக்காரங்களா! வேடிக்கை பாக்காதீங்கய்யா, இந்தப் பக்கம், இந்தப் பக்கம் கொட்டுங்க!”

அவ்வளவுதான், இரண்டு நாட்டுக் கைகளும் சேர்ந்து மண் கொட்டின. பிற்பகலில் மேட்டின் அடியிலேயே கரை ஓரிடத்தில் பிளந்தது. அங்கே பக்கத்தில் ஆள் இல்லை. மேலே மறைந்திருந்த எதிரிலியார்தான் இருந்தார். மரங்களுக்கு இடையே அவர் தலை தெரிந்தது. ஒரு கணம் அவர் எதிரி யார் என்று தெரியாதவர்போல நின்றதை அரியநாச்சி பார்த்தாள். பிறகு, “இறங்குங்கடா!” என்று ஒரு குரல். இருநூறு வேலும் தலைகீழாகக் கரையில் முளைகளாக இறங்கின. அவற்றின் பின்னால் மண் விழுந்தது. பொழுது சாயும்போது தண்ணீர் மூன்றாவது வெட்டுக்கு இறங்கியது.

அதே வேளையில் பூவாயிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சேறும் சகதியுமாகக் கரை மன்னரும், கூடைகளோடு தானும் இறங்கி வந்திருந்த மேட்டு மன்னரும் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். அரியநாச்சி பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்தாள்.

எதிரிலியார் தாடியிலிருந்த சேற்றைத் துடைத்தபடி கேட்டார்: “சரி, இது எந்த நாட்டுப் பிள்ளை?”

“இன்னும் யாரும் இதுக்குக் கதை சொல்லலையே, ஐயா. சொன்னப்புறம் கேளுங்க, அதுவே சொல்லும்!”

மேட்டு மன்னர் சிரித்தார். பானை அறையில் சிரித்தாரே, அதைவிடப் பெரிய சிரிப்பு. முத்து மாலையைக் கழற்றி அரியநாச்சியின் கையில் போட்டார். பானை இருந்த அறையில் அந்தக் கழியை நிறுத்தச் சொன்னார். கரை மன்னர் வருஷத்துக்கு ஒரு பானை நெல் அனுப்புவதாகச் சொன்னார். மேட்டுப் படை ஆடிக்கு ஆடி கூடையோடு இறங்குவதென்று முடிவாயிற்று. இன்னும் என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது அரியநாச்சி பிள்ளையைப் பார்த்தாள்.

“இவன் நம்ம கோட்டைக்கு வர்றப்ப வாசல்ல கேக்கற அந்தக் கேள்வி வேண்டாம், மகாராஜா.”

“கொடுத்தேன்!” என்றார் மன்னர்.

மூன்றாம் மாதம் அவள் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு கோட்டை வாசலுக்கு வந்தாள். பின்னாலேயே பூவாயி கொடுத்தனுப்பிய ஒரு வெள்ளாடு வந்தது. வாசல்காவலன் அரச கட்டளையை மீறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைக்கு வழிவிட்டான். பிறகு, பொறுக்கமாட்டாமல், ஆட்டை நிறுத்தி, “உன் பின்னால் யார்?” என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்தினான்.