முப்பது விளக்கு பொறுக்காத விருந்தாளி

கையெல்லாம் சாளை மீன் செதில். இப்படி உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே மீனுக்குப் பரிந்து ஒரு கதை சொல்லப் போகிறேன். சிரிக்காதீர்கள். இன்னும் இருபது மீன் கிடக்கிறது, அது முடிவதற்குள் கதையும் முடிந்துவிடும்.

ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. தொட்டி நிறைய உப்புத் தண்ணீர். அதில் செவ்வந்தி என்ற கோமாளி மீன், குருணை என்ற தன் குஞ்சோடு வாழ்ந்து வந்தாள். கூடவே ஒரு பேத்தை மீனும், நீள மீசை வைத்த ஓர் இறாலும் இருந்தார்கள்.

பெரிய தொட்டியை ஒட்டி ஒரு சின்னத் தொட்டி இருந்தது. புதிதாக எந்த மீன் வந்தாலும் முதலில் அங்கேதான் இருக்க வேண்டும். முப்பது தடவை விளக்கு எரிந்து அணைய வேண்டும். அதன் பிறகுதான் பெரிய தொட்டிக்கு வரலாம். தீனி போடும் வளையல் கை வைத்த சட்டம் அது. நோய் நொடி இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும் அல்லவா?

தொட்டியில் மூத்தவள் செவ்வந்தி. புது ஆளோடு பேசுவது அவள் பொறுப்பு. ஆனால் அவளுக்கு யாரிடமும் 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. நினைத்தாலே வேர்க்கும். தண்ணீருக்குள் எப்படி வேர்க்கும் என்று கேட்காதீர்கள். எனக்கு வேர்க்கும், அதனால் அவளுக்கும் வேர்த்தது.

ஒரு நாள் சின்னத் தொட்டிக்கு முத்தரசு என்ற கோமாளி மீன் வந்து சேர்ந்தான்.

"அக்கா!" என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கூப்பிட்டான். "நானும் உங்க இனம்தான்! அதே மூணு வெள்ளைக் கோடு, எண்ணிப் பாருங்க!"

"ஆமா தம்பி" என்றாள் செவ்வந்தி.

"சொந்தக்காரனைப் போய் வாசல்ல நிறுத்தலாமாக்கா? அந்த வலையைக் கொஞ்சம் தூக்குங்க. ஒரே தாவு, அங்க வந்துடுவேன்!"

பெரிய தொட்டிக்கு மேலே ஒரு வலை போட்டிருந்தது. ஓரத்தில் முட்டினால் தூக்கும்.

மீசை இறால் குறுக்கே வந்தார். "முதுகுல என்னப்பா வெள்ளையா ரெண்டு புள்ளி?"

"இதுவா? உப்பு! கடல்ல இருந்து வந்தவன்மேல உப்பு ஒட்டாம சர்க்கரையா ஒட்டும்?"

பேத்தை மீன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. இறால் சிரிக்கவில்லை.

"செவ்வந்தி, முப்பது விளக்குன்னா முப்பதுதான். இன்னைக்கு மூணாவது விளக்கு. நீ சொல்லிடு."

"சொல்லிடறேண்ணே" என்றாள் அவள்.

கல்லுக்குப் பின்னால் போய், கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள். 'தம்பி, கொஞ்ச நாள் பொறுங்க.' நன்றாக வந்தது. இன்னொரு தரம் சொன்னாள். இன்னும் நன்றாக வந்தது. விறுவிறுவென்று முத்தரசு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தாள்.

"தம்பி, சாப்பிட்டீங்களா?"

இறால் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குக் கால் நிறைய இருந்ததால் பல தடவை அடித்துக்கொண்டார்.

பேத்தை மீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. உடம்பை உப்பிக்கொண்டு, "வந்தவனை வெளியில நிறுத்திட்டு சாப்பிட்டியான்னு கேக்கிறதா? நம்ம தொட்டிக்கு ஒரு மானம் மரியாதை இல்லையா? நாளைக்கு நாலு மீன் என்ன பேசும்!" என்றது.

அந்தத் தொட்டியில் மொத்தமே நாலு பேர்தான். அதில் ஒருத்தர் மீனே இல்லை. செவ்வந்திக்கு அது தோன்றவில்லை. 'நாலு மீன் என்ன பேசும்' என்றதுமே அவளுக்கு உதறல் எடுத்துவிட்டது. தலையால் வலையை முட்டித் தூக்கினாள்.

சளக்! முத்தரசு உள்ளே வந்து விழுந்தான்.

நாலு நாள் விருந்துதான். ஐந்தாம் நாள் காலையில் குருணை கல்லில் போய் உடம்பைத் தேய்த்தது.

"என்னடி பண்ற?"

"அரிக்குதும்மா."

செவ்வந்தி கிட்டே போய்ப் பார்த்தாள். குஞ்சின் உடம்பெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. முத்தரசு மேலும் அதே புள்ளி, இப்போது இரண்டல்ல, இருநூறு. பேத்தை மீன் உப்பக்கூடத் தெம்பில்லாமல் மூலையில் சப்பையாகக் கிடந்தது. குருணை இரையைத் தொடவில்லை. செவுள் மட்டும் படபடவென்று அடித்தது.

"அண்ணே, என் குஞ்சு!" என்று அலறினாள் செவ்வந்தி.

"இப்ப மட்டும் சத்தமா வருதே!" என்றார் இறால். சொன்னாரே தவிர, குருணையின் பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை.

வளையல் கை வந்தது. பார்த்தது. ஒரு மீன் விடாமல் அள்ளிச் சின்னத் தொட்டியில் போட்டு, மருந்தை ஊற்றியது. இறாலுக்கு அந்த நோய் ஒட்டாது, அந்த மருந்தும் ஆகாது. அதனால் அவரை மட்டும் விட்டுவிட்டது. பெரிய தொட்டியில் ஒளிந்திருக்கும் கிருமி, ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் சாக வேண்டும். அதற்கு எழுபத்தாறு விளக்கு ஆகும்.

முப்பது விளக்குக்கு ஒரு மீனை நிறுத்தி வைக்கக் கூச்சப்பட்டவள், எழுபத்தாறு விளக்குக்குக் குடும்பத்தோடு போய் நின்றாள்! பேத்தை திரும்பினால் வால் அவள் முகத்தில் இடிக்கும். மருந்துத் தண்ணீர் வேறு. அந்தப் பக்கம் இறால் தனியாக, ராஜா மாதிரி, ஒவ்வொரு கல்லாக மாறி மாறிப் படுத்தார்.

செவ்வந்தி எதையும் பார்க்கவில்லை. இரவும் பகலும் குருணையின் செவுளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்புதான்க்கா" என்றான் முத்தரசு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "ஆனா நீங்க ஒரு வார்த்தை பொறுன்னு சொல்லியிருந்தா இருந்திருப்பேன்."

"இருந்திருப்பியா?"

"இருக்காம என்ன? நீங்க சாப்பிட்டியான்னுதானே கேட்டீங்க!"

செவ்வந்திக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை. அதை விழுங்கியதற்குக் குஞ்சையே பலி கொடுக்கப் பார்த்தாளே!

ஒன்பதாம் விளக்கில் குருணை ஒரு துணுக்கு இரையைக் கவ்வியது. துப்பியது. மறுபடி கவ்வி விழுங்கியது. பேத்தை சந்தோஷத்தில் உப்ப, மற்ற எல்லாரும் கண்ணாடியோடு நசுங்கினார்கள்.

எழுபத்தாறும் கழிந்தது. எல்லாரும் பெரிய தொட்டிக்குத் திரும்பினார்கள். மூன்றாம் நாளே, கழுவி வைத்த சின்னத் தொட்டிக்கு ஒரு மஞ்சள் மீன் வந்தது.

"அத்தை!" என்று கூப்பிட்டது அது. "உள்ள வரலாமா?"

எல்லாரும் செவ்வந்தியைப் பார்த்தார்கள். பேத்தை வாயைத் திறந்தது. இறால் மீசையால் அதன் வாயைப் பொத்தினார்.

செவ்வந்திக்கு வேர்த்தது. குருணையைத் துடுப்புக்குள் இழுத்து அணைத்துக்கொண்டாள். குரல் நடுங்க, ஆனால் காதில் விழும்படி சொன்னாள்:

"முப்பது விளக்கு போகட்டும்மா. அதுவரைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், இப்படியே பேசிக்குவோம்."

சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூட நினைத்தாள். மீனுக்கு இமை ஏது? பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது.

"அவ்வளவுதானே அத்தை?" என்றது மஞ்சள் மீன். "வழியில எனக்கும் மேலுக்குச் சரியில்ல. நானே சொல்லணும்னு இருந்தேன், கூச்சமா இருந்துச்சு!"

ஆகவே பிள்ளைகளே, வந்தவரைக் கொஞ்ச நாள் தள்ளி வைப்பது அவமரியாதை ஆகாது. சொல்லக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் நோயை விடுவதுதான் தவறு. நானும் இனிமேல் அப்படித்தான், யாராக இருந்தாலும் சரி, வாசலிலேயே நிறுத்தி, முகத்துக்கு நேராக...

வாசலில் இருந்து என் அத்தை கூப்பிடுகிறார்கள். எதிர்வீட்டு அன்னபாக்கியம் சிவந்த கண்ணோடு வந்து நிற்கிறாளாம். கண்வலியாம். உள்ளே வரலாமா என்று கேட்கிறாளாம்.

"அய்யய்யோ, இதென்ன கேள்வி! வாசல்ல எதுக்கு நிக்கணும்? உள்ள வந்து உக்காரச் சொல்லுங்கத்தை, இதோ கையக் கழுவிட்டு நானும் வந்துடறேன்!"